மூன்றாவது குழந்தை எப்போது நடந்தது?

குழந்தைகள் நல மருத்துவராக நான் தினமும் கேட்கிற கேள்வி இது. முதல் குழந்தையைப் பற்றிக் கேட்டால் நான் முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "பதினொன்றரை மாசம் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சோபாவைப் பிடிச்சுட்டு நின்னவன் கையை விட்டுட்டு மூணு எட்டு வச்சான்" என்று நாள், கிழமை, நேரத்தோடு சொல்வார்கள். இரண்டாவதைக் கேட்டால் "ஒரு வயசு வாக்கில இருக்கும்" என்பார்கள். மூன்றாவதைக் கேட்டதும் அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா ஃபோனை எடுத்துப் படங்களைத் தள்ள ஆரம்பிப்பார்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூன்றாவது குழந்தை எட்டு வைத்த அன்று மூத்ததுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், நடுவிலுள்ளது கட்டிலிலிருந்து விழுந்து நெற்றியில் வீக்கத்தோடு அழுதுகொண்டிருந்திருக்கும். பாசம் குறைந்து மறந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தேதி எனக்கு வேண்டும். ஏன் வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. (இதில் வருகிறவர்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒரு தடவை இரண்டு வயதை நெருங்கும் ஒரு பையனைச் சளிக்காகக் கூட்டி வந்தார்கள். கூடவே இரண்டு அக்காக்கள். வழக்கம்போல எப்போது நடந்தான் என்று கேட்டேன். "எல்லாரையும் போலத்தான், ஒரு வயசு முடிஞ்சு" என்றார் அம்மா. பெரியவளுக்கு ஒன்பது வயதிருக்கும். "இல்லம்மா, எனக்கு முழுப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு. நான் ஸ்கூல் பையைத் தூக்கிப் போட்டேன்ல, அதை இழுக்கத்தான் நடந்து வந்தான்" என்றாள். பரீட்சை முடிந்த தேதி அம்மாவுக்குத் தெரியும். அங்கிருந்து கணக்குப் போட்டால் அவனுக்கு அப்போது 19 மாதம்.

ஒரு வயதுக்கும் 19 மாதத்துக்கும் இடையில் இருப்பது ஏதோ சில மாதங்கள் என்று தோன்றும். ஆனால் 18 மாதம் முடிந்தும் தானாக நடக்காத குழந்தையை நாங்கள் கட்டாயம் சோதித்துப் பார்ப்போம். ஆண் குழந்தையாக இருந்தால் தசை நோய் இருக்கிறதா என்று அறிய சிகே என்ற எளிய ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வோம். அந்தப் பையனுக்கும் செய்தோம். நார்மல் என்று வந்தது. தசைகள் கொஞ்சம் தொய்வாக இருந்ததால் சில மாதங்கள் பிசியோதெரபி கொடுத்தோம், இப்போது ஓடுகிறான். ஆனால் அன்று அக்கா கூட வராமல் போயிருந்தால் சளிக்கு மருந்து எழுதி அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

ஒன்றுக்கு மேல் குழந்தைகள் உள்ள வீட்டில் தேதி மறப்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மூத்த குழந்தையே அளவுகோலாகிவிடுகிறது. "பெரியவன் பத்து மாசத்திலேயே நடந்துட்டான், இவன் இன்னும் நடக்கலியே" என்று தவிப்பவர்களும் வருகிறார்கள், "பெரியவனும் லேட்டாத்தான் பேசினான், இவனும் பேசிடுவான்" என்று காத்திருந்துவிட்டுத் தாமதமாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டாவது வகைதான் அதிக நஷ்டம் செய்கிறது.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006ல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானமில்லாமல் உட்காருவது ஏறத்தாழ 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தானாக நடப்பது 8 மாதத்துக்குக் கொஞ்சம் பிறகு தொடங்கி 17½ மாதம் வரை போகலாம். இன்னொன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்: 100ல் 4 குழந்தைகள் போலக் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, ஆனாலும் நடந்துவிட்டார்கள். ஆக, அண்ணன் 10 மாதம், தம்பி 15 மாதம் என்றால் இருவரும் சரிதான். தம்பிக்கு 18 மாதமாகியும் நடக்கவில்லையென்றால், அண்ணனும் 18 மாதத்தில்தான் நடந்தான் என்பது சமாதானமாகாது, அண்ணனையும் அப்போதே காட்டியிருக்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் என்று கண்டறிந்திருந்தால் அடுத்த குழந்தைக்கும் அது வர ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஐந்தில் நான்கு பங்கு வராது என்பதும் அதே கணக்குதான். ஆனால் அந்தக் குழந்தையை நாங்கள் முதல் வருடத்திலிருந்தே கவனமாகப் பார்க்க விரும்புவோம். அதனால் மூத்ததைப் பற்றி நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். "வீட்டில எல்லாரும் இவனுக்காகப் பேசிடறாங்க டாக்டர், அதான் பேசல." இதை நான் கேட்காத வாரமே இல்லை. கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 22 மாதக் குழந்தை ஒன்று என் மேஜையில் இருந்த சிவப்புப் பந்தைப் பார்த்தது, கை நீட்டக்கூட இல்லை, அதற்குள் அக்கா எழுந்து பந்தை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டாள். தம்பியின் கண் போகும் திசை அவளுக்கு மனப்பாடம். பந்தைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டு, "இப்ப நீ இரண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கோ, தம்பி என்ன பண்றான்னு பார்ப்போம்" என்றேன். அவன் அவளைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அரை நிமிடம் போயிருக்கும், அவளுக்குத்தான் பொறுக்கவில்லை, நெளிந்துகொண்டே இருந்தாள். அப்புறம் அவன் விரலை நீட்டி "பா" என்றான்.

அந்த "பா"வைவிட நீட்டிய விரலும் என் முகத்தைத் தேடிய பார்வையும்தான் எனக்குப் பெரிய நிம்மதி. பேச்சு வருவதற்கு முன்பே குழந்தை விரலால் சுட்டிக்காட்டும், காட்டிவிட்டு நாம் பார்க்கிறோமா என்று திரும்பிப் பார்க்கும், பெயர் சொன்னால் தலை திருப்பும். இவை இருந்து சொற்கள் மட்டும் கொஞ்சம் தயங்கினால் அது ஒரு கதை, இவையே இல்லையென்றால் அது வேறு கதை, அப்போது அக்கா மேல் பழி போடக்கூடாது. 12 மாதத்தில் மழலையே இல்லை, டாட்டா காட்டுவதோ சுட்டிக்காட்டுவதோ இல்லை. 16 மாதத்தில் பொருளுள்ள ஒரு சொல்கூட இல்லை. 24 மாதத்தில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல்லைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். "மூணு வயசு வரைக்கும் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காதையும் பாருங்கள். பள்ளிக்குப் போகும் மூத்த குழந்தை சளியைக் கொண்டு வரும், சின்னதுக்கு ஒட்டும், சளி போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கி நிற்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆனால் காதை அடைத்துக்கொண்டு கேட்பதுபோலத்தான் கேட்கும். பிறந்தபோது செவிப் பரிசோதனையில் தேறியிருந்தாலும் பேச்சு தாமதமென்றால் மறுபடியும் செய்துதான் ஆக வேண்டும்.

இன்னும் முக்கியமான ஒன்று. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்தது கொஞ்சம் பின்னோக்கிப் போகும். பால்புட்டி கேட்கும், மடியை விட்டு இறங்காது, மாதக்கணக்கில் நனைக்காத படுக்கையை நனைக்கும். இது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், திட்டாமல் இருந்தால் சீக்கிரமே சரியாகும். (படுக்கையை நனைப்பதோடு ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், எடையும் குறைகிறது என்றால் அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும், அது தம்பி பிறந்ததால் வந்ததல்ல.) ஆனால் பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிடுவது, கண்ணைப் பார்ப்பதை நிறுத்துவது, கூப்பிட்டால் திரும்பாமல் போவது, இவற்றைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். ஆட்டிசத்தில் சில குழந்தைகளுக்குப் பேச்சு பின்வாங்குவது பெரும்பாலும் ஒன்றேகால் வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான். பல வீடுகளில் அடுத்த குழந்தை வருவதும் அதே சமயத்தில்தான். இரண்டும் ஒன்றாக நடந்ததால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஒரு அப்பா என்னிடம் சொன்னார்: "பாப்பா வந்ததிலிருந்து கோபம் டாக்டர், எங்ககிட்ட பேசறதையே நிறுத்திட்டா." எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு மாதம். எந்த இரண்டு வயதுக் குழந்தையும் எட்டு மாதம் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பேசாமல் இருக்காது. இருந்த திறமை போவது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டிய விஷயம்.

இரட்டையர்களைப் பற்றிச் சுருக்கமாக: பலரும் குறைமாதத்தில் பிறக்கிறார்கள், அதனால் இரண்டு வயது வரை பிறந்த தேதியிலிருந்து கணக்குப் போடாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து போடுங்கள். அக்காவின் பழைய கணக்கு இங்கே செல்லாது.

சின்னது தவழ ஆரம்பித்த அன்றே மூத்ததின் பொம்மைகளைத் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள், குறிப்பாக பட்டன் பேட்டரி உள்ளவற்றை. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சுவரை அரித்துவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தேதிகளை எழுதிவைக்கத் தனி ஆல்பம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் போதும், தடுப்பூசி அட்டையின் பின்பக்கம்கூடப் போதும். எப்போது சிரித்தான், உட்கார்ந்தான், சுட்டிக்காட்டினான், நடந்தான், முதல் சொல், இரண்டு சொல். எழுத மறந்தால் அந்த நிமிடமே ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், தேதி அதில் தானாகவே நிற்கும். வீட்டில் எழுதத் தெரிந்த அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களிடமே அந்தப் பக்கத்தைக் கொடுங்கள், பெரியவர்களைவிடக் கவனமாக எழுதுகிறார்கள்.

என்னிடமோ வேறு மருத்துவரிடமோ வருவதற்கு முன்னால் இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் எடுத்து வாருங்கள். சின்னது மட்டும் இருக்க வேண்டும், பிடித்த பொருள் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், மற்ற குழந்தைகள் பக்கத்து அறையில் இருக்கட்டும். நீங்களும் எடுத்துக் கொடுக்காமல் அந்த இரண்டு நிமிடமும் காத்திருங்கள்.