பதின்ம வயதினருக்கான உடல்நலக் கல்வித் திட்டம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எங்கே இடிக்கிறது?

மத்திய அரசு 2014-ல் தொடங்கிய திட்டம் இது. பெயர் ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய கார்யக்ரம். 10 முதல் 19 வயது வரை யாரும் சேரலாம். மாதவிடாய், கர்ப்பம், பால்வினை நோய் என்று வீட்டில் வாய் திறக்காத எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

இதில் பேச வேண்டியவர்கள் பிள்ளைகளே. ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பார்கள். ஒவ்வொருவரும் தன் வயதுக்காரர்கள் 15, 20 பேரைச் சேர்த்து வாராவாரம் உட்கார்ந்து பேச வேண்டும். 2020-ல் வந்த பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பு, மாணவர்கள் துணை. சம்பளம் கிடையாது. "வேலை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஏட்டில் இப்படி. நடப்பது வேறு. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கும் வளரிளம் பருவப் பாடத்தையே "நீங்களே படிச்சுக்கோங்க" என்று தள்ளிவிடும் இடத்தில், இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவார்களா? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து "பொறுப்பு ஆசிரியர்கள் யார், வகுப்பு என்றைக்கு?" என்று கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்.

அடுத்தது, படிப்பை நிறுத்திய பிள்ளைகள். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கம் பள்ளியை விட்டு பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போனவர்கள்தான் இந்தத் திட்டம் அதிகம் தேவைப்படுபவர்கள். "ஸ்கூல்ல படிக்கிறவங்களுக்குத்தான்" என்று யாராவது சொன்னால் அது தவறு. பள்ளியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கல்யாணம் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வயது ஒன்றுதான் தகுதி. புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரும் மூன்று பாக்கெட் நாப்கினும் அப்படித்தான். பள்ளியில் இல்லாத பெண்ணுக்கு கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடியும் தர வேண்டும்.

பதின்ம வயதினருக்கென்று மருத்துவ ஆலோசனை மையமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள்தான் நடக்கும், அதுவும் பள்ளி நேரத்தில். எந்தக் கிழமை என்று 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது சகஜம். சந்தேகம் கேட்க, ஆலோசனை பெற அம்மாவின் கையெழுத்து தேவையில்லை. சிகிச்சை என்றால் கதை வேறு.

சரி, நான் அதிகம் சொல்ல நினைப்பது இனிமேல்தான். பயிற்சி பெற்ற பிள்ளையிடம் தோழி ஒருத்தி வந்து "நாள் தள்ளிப் போயிருக்கு" என்பாள். அப்போது "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. தோழிக்கு 18 நிரம்பவில்லை என்றால் அது போக்சோ வழக்கு, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் வரும். அவள் சம்மதித்தாள், தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்துவிட்டோம் என்பதெல்லாம் எடுபடாது. தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது அந்தச் சட்டத்தின் 21-வது பிரிவு. 18 வயதுக்குட்பட்டவருக்கு இந்தத் தண்டனை பொருந்தாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அதாவது பயிற்சி பெற்ற 16 வயதுக்காரர் மாட்டமாட்டார், 19 வயதுக்காரர் மாட்டுவார். பயிற்சியில் இதைச் சொன்னார்களா என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

இந்த வழக்குக்குப் பயந்துதான் மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் கருக்கலைப்பு இலவசம், சட்டப்படியானது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும். 18 வயதுக்குட்பட்டவருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்புதலோடு செய்யலாம். போலீசுக்குத் தகவல் கட்டாயம் போகும், அதில் மாற்றமில்லை. ஆனால் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவளுடைய பெயர், அடையாளத்தை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்டால்தான் செய்வார்கள்.

மருத்துவமனையில் மூன்று விதமாக அலைக்கழிப்பார்கள். ஒன்று, "எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க." அவசர சிகிச்சைக்கு எந்த ஆவணமும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. இரண்டு, "அப்பா வந்து கையெழுத்துப் போடணும்." அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், பிள்ளையைப் பாட்டி வளர்ப்பார். கருக்கலைப்புச் சட்டத்தில் காப்பாளர் என்றால் பிள்ளையைப் பராமரிப்பவர். அந்தப் பாட்டியின் கையெழுத்தே செல்லும். மூன்றாவது, "அடுத்த வாரம் வாங்க." இதுதான் ஆபத்து. ஒவ்வொரு வாரமும் கணக்கில் கழிகிறது. 19-வது வாரத்தில் வந்தவளை இரண்டு முறை திருப்பி அனுப்பினால் ஒரு மருத்துவர் போதும் என்ற நிலை போய்விடும், 24 தாண்டினால் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

திருப்பி அனுப்பினால் சண்டை வேண்டாம். "முடியாது என்பதை எழுதிக் கொடுங்க" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு சீட்டுப் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டீன் அறைக்கு நேரே போங்கள். கூடவே குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் போடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு வாங்குவார்கள்தான், ஆனால் வாரக் கணக்கு ஓடும்போது அந்த வரிசையில் நின்று பலனில்லை. ஊரில் பயிற்சி பெற்ற நான்கு பேர் யார் என்ற கேள்விக்கு வேண்டுமானால் அந்த மனு சரிப்படும். அக்டோபர் 2 கிராம சபையிலும் அதைக் கேட்கலாம்.