வெறும் சோறு ஏன் இனிக்கிறது?

குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்கிவிடாமல் மென்றுகொண்டே இருங்கள். முதலில் சப்பென்று இருக்கும். கொஞ்ச நேரம் போனதும் நாக்கில் மெல்ல ஓர் இனிப்பு தட்டும். அந்த இனிப்பைச் செய்தது உங்கள் எச்சில்.

சோற்றில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை என்று அதை நினைத்துக்கொள்ளலாம். மாலையாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்பு தெரியாது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி அதை நடுநடுவே அறுக்க, இரண்டு மணி கொண்ட மால்டோஸ் துண்டுகள் உதிர்கின்றன. அவைதான் இனிக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். இரண்டு சோதனைக் குழாய்களில் கஞ்சித் தண்ணீர். ஒன்றில் மட்டும் கொஞ்சம் எச்சில். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டால், எச்சில் இல்லாத குழாய் கருநீலமாகும். மற்றது அயோடினின் மஞ்சள் பழுப்பிலேயே நிற்கும். அங்கே மாவுச்சத்து அறுபட்டுவிட்டது. செரிமானம் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது, அந்த நிறம் மாறாத குழாயைப் பார்த்தபோதுதான்.

சரி, எதற்கு இப்படி அறுக்க வேண்டும்? விழுங்கிய சோறு உள்ளே போய்விட்டது என்கிறோம். ஆனால் வாயிலிருந்து ஆசனவாய் வரை ஓடுவது இரு பக்கமும் திறந்த ஒரே குழாய். அதற்குள் கிடக்கும் உணவு இன்னும் உடம்போடு சேரவில்லை. குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால்தான் அது நமக்கு. அந்தச் சுவர் மாவுச்சத்து மாலையை விடாது; தனித்தனி மணியை மட்டும் விடும். புரதமும் அப்படித்தான்: அமினோ அமிலங்களாகவோ, இரண்டு மூன்று அமினோ அமிலத் துண்டுகளாகவோ உடைந்து வர வேண்டும்.

இந்த உடைப்பு தானாக நடக்காதா என்றால், நடக்கும். ஆனால் வெறும் தண்ணீரில், சாதாரண வெப்பத்தில், புரதத்தின் ஓர் இணைப்பு அறுபட நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். மதியம் சாப்பிட்ட பருப்பு சாயங்காலத்துக்குள் சத்தாகிவிடுவது நொதிகளால்தான். நொதியும் ஒரு புரதமே. அதன் மடிப்பில் ஒரு குழிவு இருக்கிறது. அதில் பொருந்தும் இணைப்பை மட்டும் அறுத்துவிட்டு, தான் தேயாமல் அடுத்ததற்குப் போகும். அதனால்தான் மாவுச்சத்துக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று தனித்தனி நொதிகள் வேண்டியிருக்கின்றன.

இரைப்பையின் அமிலத்தில் எச்சிலின் அமிலேஸ் செயலிழந்துவிடும். அதே அமிலம்தான் பெப்சின் என்ற வேறொரு நொதிக்குத் தோதான இடம். புரதத்தை அறுக்கும் வேலை அங்கே தொடங்குகிறது.

அடுத்தது கணையம். செரிமானத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த உறுப்புதான். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும் நொதிகளை இது தயாரிக்கிறது. ஆனால் கணையமே புரதத்தால் ஆன சதை. புரதத்தை அறுக்கும் கத்தியைச் செய்கிற பட்டறை தன்னையே அறுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி? கத்தியை உறையில் போட்டே அது அனுப்புகிறது. டிரிப்சின் என்ற நொதி டிரிப்சினோஜென் என்ற முடங்கிய வடிவில்தான் கிளம்பும். உறையைக் கழற்றும் வேறொரு நொதி சிறுகுடலின் தொடக்கச் சுவரில் காத்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகே டிரிப்சின் விழிக்கும். விழித்ததும் மற்ற கத்திகளின் உறைகளையும் அதுவே கழற்றிவிடும். பித்தக்கல் அடைத்துக்கொண்டாலோ, மது கணையத்தைக் கெடுத்தாலோ, இந்த நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்ளக்கூடும். கணைய அழற்சியில் வயிற்றிலிருந்து முதுகுவரை பாயும் அந்தக் கொடிய வலிக்கு இதுதான் காரணம். அது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொழுப்பின் சிக்கல் வேறு. எண்ணெய் தண்ணீரில் கலக்காது. நொதியோ தண்ணீரில் இருக்கிறது. பித்தநீர் சோப்பைப் போல எண்ணெயைச் சின்னச்சின்னத் துளிகளாக்கிவிடும். பிறகு லிப்பேஸ் என்ற நொதி அவற்றை உடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை முடிவதில்லை. கடைசி வெட்டு வாசலிலேயே நடக்கிறது. சிறுகுடலின் உட்புறம் வெல்வெட் துணி போல, ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத குடலுறிஞ்சிகளால் நிறைந்தது. அவற்றின் மேல் ஒரே வரிசையாகச் செல்கள். அந்தச் செல்களின் முகப்பிலேயே சில நொதிகள் பதிந்து நிற்கின்றன: மால்டோஸுக்கு மால்டேஸ், சர்க்கரைக்குச் சுக்ரேஸ், பாலின் லாக்டோஸுக்கு லாக்டேஸ். இரட்டை மணியைப் பிரித்த கையோடு, பக்கத்திலேயே உள்ள கதவு ஒற்றை மணியை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

இதில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பால் காட்டிவிடும். குழந்தைப் பருவம் கழிந்ததும் லாக்டேஸ் குறைந்துபோவது உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இயல்பு. தென்னிந்தியாவில் இது சாதாரணம். பிரியாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை விடும். லாக்டோஸ் தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் வயிறு உப்புசமும் பேதியும். ஒரு டம்ளர் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. உறை ஊற்றிய பாலில் லாக்டோஸின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் முன்பே புளிப்பாக்கியிருக்கும்.

அந்தக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளுக்கோஸ் அதில் தனியாக நுழையாது. உப்பிலுள்ள சோடியமும் கூட வந்தால்தான் கதவு திறக்கும். 1960இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இதை முன்வைத்தார். காலரா வந்தால் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் இந்தக் கதவு மட்டும் கெடாது. 1971இல் வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள், மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கும் அதே உப்பும் குளுக்கோஸும்தான் அடிப்படை. அது கிடைக்காத வீட்டில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கச் சொல்கிறார்கள். சர்க்கரையை வாசலில் சுக்ரேஸ் பிரித்துக்கொள்ளும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியிலும் இதேதான் நடக்கிறது. அமிலேஸ் மாலையை அறுக்கும், மால்டேஸ் கடைசி இரண்டு மணிகளைப் பிரிக்கும், பிரிந்த குளுக்கோஸ் சோடியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும்.