மில்க்வீட்டை அக்டோபரில் வெட்டிவிடுங்கள்

ஹியூஸ்டனில் வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். மொனார்க் வண்ணத்துப்பூச்சி வர என்ன செடி வைக்கலாம் என்று கேட்காத வீடே இல்லை. ஆசையாகக் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஆசையில் வைக்கும் ஒரு செடியே பூச்சிக்கு நோயைக் கொடுப்பதைப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

மொனார்க் புழு மில்க்வீட் இனச் செடிகளை மட்டுமே தின்னும். கிள்ளினால் பால் வடியும், நம்மூர் எருக்குக்குச் சொந்தம். (எருக்கிலை தின்னும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கும் நெருங்கிய உறவு.) நர்சரிகளில் எளிதாகக் கிடைப்பது சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட். சுலபமாக வளரும், நிறையப் பூக்கும். நானும் பல வீடுகளில் நட்டேன்.

ஒரு டிசம்பரில், அப்படி நட்ட ஒரு வீட்டு அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால், வேலியில் கூட்டைவிட்டு வெளியே வந்த பூச்சி ஒன்று. இறக்கை கசங்கிய காகிதம் மாதிரி, விரியவே இல்லை. தரையில் இன்னும் மூன்று.

டிசம்பரில் மொனார்க்குகள் மெக்சிகோவில், மிச்சோவகான் பக்கத்து மலைகளில் சுமார் 3000 மீட்டர் உயரத்தில், ஓயமெல் என்ற ஊசியிலை மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கனடா வரையிலிருந்தும் பறந்து வருகின்றன. கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழும். இலையுதிர் காலத்துத் தலைமுறையோ எட்டு மாதம்வரை தாங்கும், முட்டையிடுவதைத் தள்ளிப்போடுவதால். பகல் சுருங்குவதும் குளிர்வதும் மில்க்வீட் இலை முற்றுவதும்தான் அதற்கான அறிகுறிகள். வழியில் தளிர்விட்ட செடியைக் கண்டால் சில பூச்சிகள் பயணத்தை விட்டுவிட்டு அங்கேயே முட்டையிடுகின்றன.

அப்புறம் ஓ.இ. என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நோயுள்ள தாய்ப்பூச்சியின் உடம்பிலிருந்து அதன் வித்துகள் முட்டையிலும் இலையிலும் உதிரும், புழு அதைத் தின்னும். இறக்கை விரியாமல் போனது அதனால்தான். இங்கே இயல்பாக வளரும் நாட்டு மில்க்வீட் குளிரில் தரையோடு காய்ந்துவிடும், வித்துகளும் இலையோடு போய்விடும். வெப்பமண்டலச் செடி இங்கே மிதமான குளிர்காலங்களில் பச்சையாகவே நின்று அவற்றைச் சேர்த்துவைக்கிறது.

மெக்சிகோவில் இவற்றைத் தலை எண்ணுவதில்லை, அடைந்திருக்கும் காட்டை அளக்கிறார்கள். 1996-97இல் 18 ஹெக்டேர். 2023-24இல் 0.9. இதற்குத் தோட்டங்கள் பெரிய காரணம் இல்லை. வயல்களில் களைக்கொல்லி மில்க்வீட்டை அழித்ததுதான் முக்கியம். ஆனால் தோட்டம் நம் கையில் இருக்கிறது.

வெப்பமண்டலச் செடி வைத்திருந்தால் அக்டோபரில் ஆறு அங்குலம் விட்டு வெட்டுங்கள். துளிர்த்தால் பிப்ரவரிவரை திரும்பத் திரும்ப வெட்டுங்கள். முடிந்தால் நாட்டு வகைக்கு மாறுங்கள். வாங்கும்போது பூச்சிக்கொல்லி போட்ட செடியா என்று கேளுங்கள். நர்சரிக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். இலையுதிர் காலத்தில் பூச்சிக்குத் தேவை இலை இல்லை, தேன். டெக்சஸில் குடிக்கும் தேன் கொழுப்பாகிக் குளிர்காலம் முழுக்க அதைத் தாங்குகிறது. அதற்கு ஃப்ராஸ்ட்வீட், மிஸ்ட்ஃபிளவர் வையுங்கள்.

அந்த அக்கா வீட்டில் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு ஃப்ராஸ்ட்வீட் வைத்தோம். போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் அதில் பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. இரவு வடகாற்று வீசியது. காலையில் ஒன்றுகூட இல்லை.