சாங்ஷன்: ஒப்பளிப்பா, ஒறுப்பா?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துவிட்டு நாங்கள் காத்திருந்த நேரம். 2021 மார்ச் மாதம். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "மியான்மர் ராணுவ நிறுவனங்கள் மீது அமெரிக்கா சாங்ஷன்" என்று வாசித்ததும் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "யாருக்குடா சாங்ஷன் ஆச்சு? எவ்வளவு?"

சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அம்மா மேல் இல்லை. நம் ஊரில் சாங்ஷன் என்றால் 'கிடைத்துவிட்டது' என்றுதான் அர்த்தம். லோன் சாங்ஷன், லீவு சாங்ஷன், பென்ஷன் சாங்ஷன். இந்தப் பொருளுக்கு நல்ல தமிழ்ச்சொல்லும் இருக்கிறது: ஒப்பளிப்பு. தமிழ்நாட்டு அரசாணைகளில் 'நிதி ஒப்பளிப்பு' என்று படித்திருப்பீர்கள். ஒப்புதல் அளிப்பது ஒப்பளிப்பு. அரசு அலுவலகத் தமிழை எல்லாரும் கிண்டல் செய்வோம். இந்த ஒரு சொல்லுக்காக அதை மன்னித்துவிடலாம்.

அப்புறம் எப்படி அதே சொல் ஒரு ராணுவ ஆட்சியைத் தண்டிப்பதற்கும் வந்தது?

லத்தீனில் 'சாங்கீரே' என்று ஒரு வினைச்சொல். புனிதமாக்குவது, யாரும் மீற முடியாதபடி உறுதிசெய்வது என்று பொருள். 'செயின்ட்' என்று சொல்கிறோமே, அதுவும் இந்த வேரில் பிறந்ததுதான். ரோமானியர்களின் சட்டங்களில், இதை மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு 'சாங்க்டியோ' என்று பெயர். ஆக, சட்டத்தை உறுதிசெய்வதும் மீறியவனைத் தண்டிப்பதும் ஒரே சொல்லுக்குள் அப்போதே குடியிருந்தன. ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒன்று வங்கிப் பக்கம் போனது, இன்னொன்று நீதிமன்றப் பக்கம் போனது. அதே சொல், நேரெதிர் பொருள்.

நாடுகளுக்கு இடையிலான தண்டனையாக இது ஊரறியப் புழங்கத் தொடங்கியது 1935-இல். முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியான அன்றைய பன்னாட்டுச் சங்கம் இத்தாலியுடனான வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது, ஆனால் எண்ணெயைப் பட்டியலில் சேர்க்கவில்லை. டாங்கிகள் எதில் ஓடின என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. நாடுகளை இப்படித் தண்டிக்கும் அதிகாரத்தை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்குக் கொடுப்பது ஐ.நா. சாசனத்தின் 41-ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் சாங்ஷன் என்ற சொல்லே கிடையாது. 'ஆயுதப் படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகள்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இன்றும் தன் ஆவணங்களில் 'கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள்' என்று சுற்றி வளைத்தே சொல்கிறது. தண்டிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சம்.

சரி, தமிழுக்கு வருவோம். நம் பத்திரிகைகளில் இதற்கு வழக்கமான சொல் 'பொருளாதாரத் தடை'. என் வயதுக்காரர்களுக்கு அது பழகியது ஈராக்கால். 1990 ஆகஸ்டில் குவைத்தைப் பிடித்த சதாமுக்கு எதிராகப் பாதுகாப்பு கவுன்சில் போட்ட 661-ஆம் தீர்மானம் கிட்டத்தட்ட எல்லா வணிகத்தையும் நிறுத்தியது. ஒரு நாடே முடங்கியது. அங்கே 'பொருளாதாரத் தடை' என்பது மிகச் சரியான சொல். ஆனால் அந்தத் தடையில் வாடியது சதாமின் அரண்மனை அல்ல, சாதாரண ஈராக்கியக் குடும்பங்கள். அதற்கு அப்புறம்தான் நாட்டைப் பிடிக்காமல் ஆளைப் பிடிப்போம் என்ற எண்ணம் வலுத்தது. நடவடிக்கையின் வடிவம் மாறியது. நம் சொல் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

மியான்மரை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பளிச்சென்று தெரியும். 2021 பிப்ரவரி 1 அன்று மின் ஆங் லைங் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆங் சான் சூச்சி கைதானார். இரவானால் யாங்கூன் வீடுகளில் மக்கள் பாத்திரங்களைத் தட்டி ஒலி எழுப்பினார்கள். பகலில் தெருவில் இறங்கியவர்கள் மீது ராணுவம் சுட்டது. மார்ச் 27, அங்கே ஆயுதப் படைகள் நாள். அந்த ஒரே நாளில் 100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

உலகம் என்ன செய்தது? முதலில் வார்த்தைகள். பிப்ரவரி 4 அன்று பாதுகாப்பு கவுன்சில் 'ஆழ்ந்த கவலை' தெரிவித்தது. மார்ச் 10 அன்று அமைதியான போராட்டக்காரர்கள் மீதான வன்முறையை 'வன்மையாகக் கண்டித்தது'. தூதரக மொழியில் கவலை, ஆழ்ந்த கவலை, கண்டனம், வன்மையான கண்டனம் என்று ஒரு படிக்கட்டு உண்டு. ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கில் பேரம் நடக்கும். தமிழ்ச் செய்தியில் பெரும்பாலும் எல்லாமே 'கண்டனம்' ஆகிவிடும்.

அடுத்து செயல்கள். அமெரிக்காவில் இருந்த மியான்மர் அரசின் சுமார் 100 கோடி டாலரை ராணுவம் தொட முடியாதபடி பிப்ரவரி 10 அன்று பைடன் அரசு தடுத்தது. இது சொத்து முடக்கம். தளபதிகளின் பெயர்ப் பட்டியல் போட்டு விசா மறுத்தார்கள். இது பயணத் தடை. பீர், சிகரெட், பச்சை மாணிக்கக் கல், வங்கி என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கும் எம்.இ.எச்.எல். என்ற ராணுவக் குழுமத்துடன் தங்கள் நாட்டவர் யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று மார்ச் 25 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும், ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியமும் அறிவித்தன. அம்மா காதில் விழுந்தது இதுதான்.

இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் முன்பே யாங்கூன் மக்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். 'மியான்மர் பீர்' அந்த ராணுவக் குழுமமும் ஜப்பானின் கிரின் நிறுவனமும் சேர்ந்து தயாரித்தது. கடைக்காரர்கள் அந்தப் பாட்டில்களை அலமாரியிலிருந்து இறக்கினார்கள், குடிப்பவர்கள் வேறு கேட்டார்கள். ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த அதே வாரத்தில் கிரின் அந்தக் கூட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தது. மக்கள் செய்தது தடை அல்ல. அது புறக்கணிப்பு, இலங்கைத் தமிழில் சொன்னால் பகிஷ்கரிப்பு. தடை போட அதிகாரம் வேண்டும். பீரைத் தொடாமலிருக்க அதெல்லாம் தேவையில்லை.

பக்கத்து நாடுகளின் வழி வேறு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள் 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் மின் ஆங் லைங்கையே உட்காரவைத்து ஐந்து அம்ச உடன்பாடு எழுதினார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அக்டோபர் மாநாட்டுக்கு, 'நீங்கள் வர வேண்டாம், அரசியல் சாராத ஒருவரை அனுப்புங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். பணத்தில் கை வைக்கவில்லை, பந்தியில் இடமில்லை, அவ்வளவுதான். நம் கிராமத்தில் இதற்குப் பெயர் தள்ளிவைத்தல். நம்மிடம் அந்தச் சொல்லுக்கு சாதிக் கொடுமையின் வாடை இருக்கிறது, அதனால் செய்தியில் எழுதக் கை வராது. ஒதுக்கிவைத்தல் என்று எழுதலாம்.

2021 ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச்சபை, மியான்மருக்கு ஆயுதம் போவதைத் தடுங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆதரவு 119, எதிர்ப்பு 1, அது பெலாரஸ். வாக்களிக்காமல் ஒதுங்கியவை 36, அவற்றில் சீனா, ரஷ்யா, இந்தியா உண்டு. இதை 'ஆயுதத் தடை' என்று எழுதினால் அது பிழை. பொதுச்சபை வேண்டுகோள் விடுக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. கட்டாய ஆயுதத் தடைக்கு எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்கா. சோவெட்டோவில் மாணவர்கள் சுடப்பட்டது 1976 ஜூனில், நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோ காவலில் இறந்தது 1977 செப்டம்பரில். அந்த நவம்பரில் பாதுகாப்பு கவுன்சில் 418-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஐ.நா.வின் உறுப்பு நாடு ஒன்றின் மீது கட்டாயத் தடை விழுந்தது அதுவே முதல் முறை. ஷார்ப்வில்லில் 1960-இல் மக்களைச் சுட்டுக்கொன்ற நாளிலிருந்து எண்ணினால் 17 ஆண்டுகள்.

மியான்மருக்கு அப்படி ஒரு தடை வரவில்லை. 2022 டிசம்பரில் பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 2669-ஆம் தீர்மானத்திலும் ஆயுதத் தடை இல்லை. பிறகு கனடாவும் பிரிட்டனும் விமான எரிபொருள் பக்கம் கவனத்தைத் திருப்பின, ஏனென்றால் ராணுவம் ஆகாயத்திலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியின் பசிஜி கிராமத்தில் ஓர் அலுவலகத் திறப்புக்குக் கூடியிருந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட.

இப்போது எண்ணிப் பாருங்கள். சொத்து முடக்கம், விசா மறுப்பு, ஒரு நிறுவனத்துடன் வணிகம் கூடாது என்ற உத்தரவு, பொதுச்சபையின் வேண்டுகோள், எரிபொருள் ஏற்றுமதி நிறுத்தம். தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: 'மியான்மருக்குப் பொருளாதாரத் தடை'. படிக்கிறவர் ஈராக்கைப் போல ஒரு நாட்டையே மூடிவிட்டார்கள் என்று நினைப்பார்.

ஈழத்தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு குழப்பம். 2023 ஜனவரியில் கனடா மகிந்த ராஜபக்சவையும் கோத்தபய ராஜபக்சவையும் தன் சாங்ஷன் பட்டியலில் சேர்த்தது. 2025 மார்ச்சில் பிரிட்டன் இலங்கையின் முன்னாள் படைத் தளபதிகள் மூவரையும், புலிகளிலிருந்து பிரிந்த கருணாவையும் அப்படியே சேர்த்தது. இரண்டுமே தமிழில் 'தடை'. விடுதலைப் புலிகள் மீது இதே நாடுகள் விதித்திருப்பதும் 'தடை'. ஓர் இயக்கமே சட்டவிரோதம் என்று அறிவிப்பது ஒன்று, ஓர் ஆளின் வங்கிக் கணக்கையும் விசாவையும் பிடித்துவைப்பது வேறொன்று. 'பிரிட்டன் தடை' என்ற தலைப்பைப் பார்த்தால் எது என்று தெரிய உள்ளே போய்ப் படிக்க வேண்டும்.

என் கணக்கு இது. தடை என்பது என்ன செய்கிறார்கள் என்று சொல்லும் சொல். சாங்ஷன் என்பது எதற்காகச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது: குற்றத்துக்குத் தண்டனை. கோடையில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டால் அது தடைதான், சாங்ஷன் அல்ல. வெங்காயம் யாருக்கும் எந்தக் கொடுமையும் செய்யவில்லை.

அந்தத் தண்டனைப் பொருளைத் தாங்கும் சொல் தமிழில் உண்டா? 'தண்டம்' முதலில் நினைவுக்கு வரும். சாம, தான, பேத, தண்டம் என்று நான்கு வழிகளில் கடைசி அது. ஆனால் இன்று தண்டம் என்றால் தண்டச் செலவும் தண்டச் சோறும்தான். 'தண்டத் தடை' என்று எழுதினால் வீண் தடை என்று படிப்பார்கள். சில நேரம் அதுவும் உண்மையாக இருக்கலாம், ஆனால் அதைத் தலைப்பே தீர்ப்பாகச் சொல்லக் கூடாது.

ஒறுத்தல் இருக்கிறது. தண்டித்தல், அடக்குதல் என்று பொருள். திருக்குறளில் 561-ஆவது குறள்:

தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால்
ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.

குற்றத்தைத் தகுந்தபடி ஆராய்ந்து, மறுபடி அந்த வழிக்குப் போகாதபடி, குற்றத்துக்குப் பொருத்தமான அளவில் ஒறுக்க வேண்டும். ஆராய்ச்சி, தடுப்பு, அளவு மூன்றும் ஒன்றேமுக்கால் அடிக்குள். இந்தக் குறள் வரும் அதிகாரத்தின் பெயர் 'வெருவந்த செய்யாமை', அதாவது ஆள்பவன் குடிமக்கள் அஞ்சி நடுங்கும்படி எதையும் செய்யாதிருத்தல். குடிகளை ஆளும் வேந்தனுக்குச் சொன்ன அளவுகோலை அந்த வேந்தனையே ஒறுக்கும் மற்ற நாடுகளுக்கும் வைத்துப் பார்க்கலாம்.

இது ஏட்டில் மட்டும் வாழும் சொல்லும் அல்ல. கத்தோலிக்கத் தோழர்களைக் கேளுங்கள். தவக்காலத்தில் கறி சாப்பிடாமல் இருப்பதை அவர்கள் ஒறுத்தல் என்றுதான் சொல்கிறார்கள். தன்னைத் தானே ஒறுப்பது. பிடித்த ஒன்றைக் கிடைக்காமல் செய்வது என்ற சாயல் அதில் அப்படியே இருக்கிறது.

ஆக, வங்கியில் நடப்பது ஒப்பளிப்பு. தளபதிகளுக்கு நடப்பது ஒறுப்பு, இல்லை ஒறுப்பு நடவடிக்கை. அதன் வகைகளைத் தனித்தனியே சொத்து முடக்கம், பயணத் தடை, ஆயுதத் தடை, வணிகத் தடை என்று எழுதலாம். நாட்டை முழுதாக முடக்கும்போது மட்டும் பொருளாதாரத் தடை.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. 'ஐ.நா. உறுப்பு நாடுகளின் ஒறுப்பு' என்று செய்தி வாசிப்பாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் என்னைத் திட்டுவார். எழுத்தில் பிரச்சினை இல்லை: 'மியான்மர் தளபதிகள் மீது ஒறுப்பு: சொத்து முடக்கம், பயணத் தடை'. இந்தத் தலைப்பைப் பார்த்து யாரும் எவ்வளவு சாங்ஷன் ஆச்சு என்று கேட்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு அன்று இவ்வளவும் சொல்லவில்லை. அந்த ஆட்களின் அமெரிக்கக் கணக்கை முடக்கிவிட்டார்கள், அங்கே எந்த பேங்கும் அவர்களோடு வரவு செலவு வைக்காது என்று மட்டும் சொன்னேன். கரண்டியோடு நின்றபடி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அப்போ அவனுங்களுக்கு சாங்ஷன் ஆனதால இனிமே எதுவும் சாங்ஷன் ஆகாதா?"

ஆமாம் என்றேன்.