விமர்சனம் வந்தது, ஆல்பம் வரவில்லை

அமெரிக்க ராப் கலைஞர் க்யூ-டிப்பின் இரண்டாவது தனி ஆல்பம் ‘கமால் தி அப்ஸ்ட்ராக்ட்’. 2002இல் வெளிவந்திருக்க வேண்டியது. கடைக்கு வந்தது 2009 செப்டம்பர் 15 அன்று. இத்தனை வருடம் அது எங்கே கிடந்தது, ஏன் கிடந்தது என்ற கதையை, அக்ரிமென்ட்டோடு என்னைப் பார்க்க வரும் இசைக்காரர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. கையெழுத்துப் போடும் முன் வருகிறவர்கள் குறைவு. போட்ட பிறகு வருகிறவர்கள்தான் அதிகம்.

நான் பதிப்புரிமை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். எது நல்ல பாட்டு என்று தீர்ப்பு சொல்வது என் வேலையில் வராது. ஆனால் ஒரு கலைஞர் தன் முதல் ஆல்பத்திலிருந்து விலகி, இரண்டாவதில் வேறு வேறு இசைகளைக் கலக்க ஆரம்பிக்கும்போதுதான் ஒப்பந்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த வரிகள் எல்லாம் எழுந்து உட்காருகின்றன. முதல் ஆல்பம் ஓடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். லேபிளுக்கு, அதாவது ஆல்பத்தை வெளியிடும் இசை நிறுவனத்துக்கு, அதே மாதிரி இன்னொன்று வேண்டும்.

க்யூ-டிப்புக்கு நடந்ததும் அதுதான். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். ‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ குழுவின் குரலும் மூளையும் அவர். ராப்பில் ஜாஸைக் கலப்பது அவருக்குப் புதிதே இல்லை. அந்தக் குழுவின் 1991 ஆல்பமான ‘தி லோ எண்ட் தியரி’யில், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்த ரான் கார்ட்டரே வந்து டபுள் பாஸ் வாசித்திருக்கிறார். 1998இல் குழு பிரிந்தது. மறு வருடம் அரிஸ்டா நிறுவனத்தில் தனியாக ‘ஆம்ப்ளிஃபைட்’ வெளியிட்டார். டான்ஸ் ஃப்ளோருக்கு ஏற்ற, பளபளப்பான ராப். ‘விவ்ரன்ட் திங்’ ரேடியோவில் ஓயாமல் ஓடியது. பழைய ரசிகர்களில் ஒரு பகுதி ‘விலைபோய்விட்டார்’ என்று முகம் சுளித்தது. நிறுவனத்துக்கு மகிழ்ச்சி.

அடுத்து அவர் கொண்டுவந்து கொடுத்ததைக் கேட்டால் நிறுவனம் ஏன் திகைத்தது என்பது எனக்குப் புரிகிறது. நியாயப்படுத்தவில்லை, புரிகிறது என்கிறேன். பழைய பதிவுகளிலிருந்து துண்டு (சாம்பிள்) எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் (லூப்) வேலை ஏறக்குறைய இல்லை. ஆள் வைத்து வாசித்திருக்கிறார்கள். க்யூ-டிப் ராப் பண்ணும் நேரத்துக்குப் போட்டியாகப் பாடவும் செய்கிறார். அவர் பெரிய பாடகர் இல்லை என்பது அவருக்கே தெரியும் போலப் பாடுகிறார், அதில் ஒரு அழகு இருக்கிறது. ‘அப்ஸ்ட்ராக்‌ஷனிஸம்ஸ்’ பாட்டில் கென்னி காரெட்டின் ஆல்டோ சாக்ஸஃபோன். மைல்ஸ் டேவிஸின் கடைசி வருடக் குழுவில் இருந்தவர் அவர். ‘டூ யூ டிக் யூ?’வில் கேரி தாமஸின் புல்லாங்குழல், குர்ட் ரோசன்விங்கலின் கிட்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் சோலோ ஆரம்பிக்கிறது, அவசரமே இல்லாமல் போகிறது. ஃபங்க் உண்டு, ராக் உண்டு, ‘பேர்லி இன் லவ்’ கிட்டத்தட்ட ஒரு பாப் பாட்டு. ரேடியோவுக்கு எடுத்துக்கொடுக்க இதில் எது சிங்கிள் என்று மார்க்கெட்டிங் ஆட்கள் தேடியிருப்பார்கள்.

அப்போது அரிஸ்டாவுக்குத் தலைமை எல்.ஏ. ரீட். இது விற்காது என்று நிறுவனம் முடிவு செய்து ஆல்பத்தை அலமாரியில் வைத்துவிட்டது. அதற்குள் பத்திரிகைகளுக்கு முன்பிரதிகள் போய்விட்டன. விமர்சனங்களும் வந்தன. வாங்க முடியாத ஒரு ஆல்பத்துக்கு விமர்சனம்! அந்த முன்பிரதிகளிலிருந்து திருட்டுப் பிரதிகள் கிளம்பி, கைமாறி, ‘கேட்டவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும்’ ஆல்பமாக அது சுற்றிக்கொண்டிருந்தது. க்யூ-டிப்புக்கு அதிலிருந்து ஒரு சென்ட் வந்திருக்காது.

கதை இந்த இடத்துக்கு வரும்போது எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி, “மேடம், விமர்சகர்கள் நல்லா எழுதியிருந்தா லேபிள் மனசு மாறியிருக்காதா?” என்பது. மாற வேண்டிய கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் வெளியீட்டுக் கடமை எழுதப்படாதவரை, உலகத்தின் எல்லாப் பத்திரிகையும் நான்கு நட்சத்திரம் கொடுத்தாலும் மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) அவர்கள் அலமாரியில் இருக்கலாம்.

இதில் கசப்பான ஒன்று உண்டு. 2003 செப்டம்பரில் அதே அரிஸ்டா, அவுட்காஸ்ட் என்ற ராப் இரட்டையரின் இரட்டை ஆல்பத்தை வெளியிட்டது. அதில் ஆண்ட்ரே 3000இன் பாதியான ‘தி லவ் பிலோ’வில் ராப் குறைவு. ஜாஸ், ஃபங்க், பாப் எல்லாம் கலந்து, பெரும்பாலும் பாடியே நகர்கிறது. ‘ஹே யா!’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 2004 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. க்யூ-டிப் கொடுத்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்யூ-டிப்பின் ஆல்பத்தில் கிட்டார் வாசித்த குர்ட் ரோசன்விங்கல் தன்னுடைய ‘ஹார்ட்கோர்’ ஆல்பத்தை 2003இல் வெர்வ் நிறுவனத்தில் வெளியிட்டார். அதன் இணைத் தயாரிப்பாளர் க்யூ-டிப். அடுத்தவர் ஆல்பம் வெளியே வந்துவிட்டது, தன்னுடையது உள்ளே.

பிறகு நிறுவனம் மாறினார், இன்னொரு ஆல்பம் செய்தார், அதுவும் வெளிவரவில்லை. 2008 நவம்பர் 4 அன்று, ஒபாமா வென்ற தேர்தல் நாளில், யுனிவர்சல் மோடவுன் மூலம் ‘தி ரினைசன்ஸ்’ வந்தது. அதாவது ரசிகர்களின் கணக்கில் அதுதான் இரண்டாவது ஆல்பம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கிராமி பரிந்துரை வரை போனது. அதற்கு மறு வருடம்தான் ஜைவின் துணை லேபிளான பேட்டரி ரெக்கார்ட்ஸ் ‘கமால்’ ஆல்பத்தைத் தூசு தட்டி வெளியிட்டது. அரிஸ்டாவை வைத்திருந்த பிஎம்ஜி, ஜைவின் தாய் நிறுவனமான ஸோம்பாவை 2002இல் வாங்கியபோதே அரிஸ்டா, ஜைவ் இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்திருந்தன. சொத்து கைமாறும்போது அலமாரியும் சேர்ந்தே கைமாறும்.

2009இல் விமர்சகர்கள் பெரும்பாலும் அன்பாகவே எழுதினார்கள். ராப் கலைஞர் ஒருவர் ஜாஸ் வாசிப்பவர்களோடு சமமாக உட்கார்ந்து பண்ணிய வேலை என்று பாராட்டினார்கள். குறையும் சொன்னார்கள்: சில பாட்டுகள் பாட்டாகச் சேரவில்லை, ஒத்திகை மாதிரி நீண்டுகொண்டே போகின்றன, குரல் மெலிவு. எனக்கு அந்தக் குறைகளில் உடன்பாடு உண்டு. ஆனால் அந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ஆல்பத்தைவிட அதன் தாமதத்தைப் பற்றித்தான் பேசின. 2002இல் வந்திருந்தால் ‘இவர் புதிதாக ஒன்று செய்கிறார்’ என்று எழுதியிருப்பார்கள். 2009இல் ‘அப்போதே செய்திருக்கிறார்’ என்று எழுதினார்கள். இறந்தகாலத்தில் வரும் பாராட்டுக்கு டிக்கெட் விற்காது.

இனி என் மேசைக்கு வரும் காகிதங்களைப் பற்றி.

தமிழில் தனியிசை செய்யும் பையன்களும் பெண்களும் இப்போது இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒரு ராப் பாட்டு யூட்யூபில் ஓடிவிடும், லேபிளிலிருந்து போன் வரும், மூன்று ஆல்பத்துக்கு அக்ரிமென்ட் வரும். “எல்லாருக்கும் குடுக்குற ஸ்டாண்டர்ட் ஃபார்மட்தான் மேடம்னு சொன்னாங்க” என்பார்கள். யாருக்கு ஸ்டாண்டர்ட் தம்பி என்று கேட்டால் சிரிப்பு வரும், பதில் வராது. அடுத்த ஆல்பத்தில் கானாவும் பறையும் ஜாஸ் கிட்டாரும் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தம்பிக்கு ஆசை. அவர் கொண்டுவந்த டிராஃப்ட்டிலோ, ஒப்படைக்கும் மாஸ்டர் ‘நிறுவனத்துக்கு வணிகரீதியாகத் திருப்தி தர வேண்டும்’, ‘கலைஞரின் முந்தைய பதிவுகளின் பாணியில் இருக்க வேண்டும்’ என்று இரண்டு வரி. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பறை வேண்டாம் என்று அர்த்தம்.

பாணி மாறியதற்காகக் கோர்ட்டுக்கே போன கதை உண்டு. 1983இல் ஜெஃபன் நிறுவனம், உன் பதிவுகள் உன் பழைய பதிவுகள் மாதிரி இல்லை என்று ராக் கலைஞர் நீல் யங் மேல் 30 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. நீல் யங்குக்கு அதைத் தாங்கும் பெயரும் பணமும் இருந்தன.

ஆகவே நான் முதலில் அடிப்பது அந்த இரண்டு வரியை. ‘தொழில்நுட்பத் தரத்தில் வெளியிடத் தகுந்த மாஸ்டர்’ என்று மாற்றச் சொல்வேன். ஒலி சரியாக இருக்கிறதா என்பதை ஒரு சவுண்ட் இன்ஜினியர் சொல்லிவிடலாம். ஓடுமா ஓடாதா என்பதை யார் சொல்வது? அடுத்து, மாஸ்டர் ஒப்படைத்த தேதியிலிருந்து இத்தனை மாதத்துக்குள் வெளியிட வேண்டும், தவறினால் உரிமை எழுத்தில் கலைஞருக்குத் திரும்ப வேண்டும் என்ற வரி. இதற்கு லேபிள்கள் முரண்டு பிடிக்கும். போட்ட பணத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். செலவைத் திருப்பிக் கொடுத்து மாஸ்டரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினால் பெரும்பாலும் வழிக்கு வருவார்கள். அமெரிக்காவில் வில்கோ என்ற ராக் குழு அதே காலகட்டத்தில், 2001இல், ரிப்ரைஸ் நிறுவனம் தங்கள் ஆல்பத்தை வேண்டாம் என்றதும் மாஸ்டரோடு வெளியே வந்தது. தங்கள் இணையதளத்திலேயே ஓடவிட்டார்கள். 2002இல் நான்சச் வெளியிட்டது. ரிப்ரைஸும் நான்சச்சும் ஒரே வார்னர் குடும்பம் என்பது தனி வேடிக்கை.

நம் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிடக் கொஞ்சம் கருணையாக இருக்கிறது, பாதி வழி வரை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19(4) பிரிவுப்படி, உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் அந்த எழுதிக்கொடுப்பு காலாவதியாகிவிடும். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறதல்லவா? அதே வாக்கியத்தின் வாலில் ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி’ என்று இருக்கிறது. நான் பார்க்கும் டிராஃப்ட்டுகளில், பணம் பற்றிய பக்கங்களைத் தாண்டி, பின்னால், யாரும் படிக்காத பொது நிபந்தனைகளுக்கு நடுவே, ‘19(4) இதற்குப் பொருந்தாது’ என்று ஒரு வரி கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் அந்த எண்ணையாவது தேடிப் பாருங்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 19(4) பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உதவும், நீங்கள் உரிமை எழுதிக்கொடுத்தவை அவை. ஒலிப்பதிவு அப்படியில்லை. பதிவை முன்னின்று, பொறுப்பேற்றுச் செய்த தயாரிப்பாளரையே சட்டம் அதன் ஆசிரியராகக் கருதுகிறது. ஸ்டுடியோ வாடகையிலிருந்து மிக்ஸிங் வரை லேபிள் பார்த்துக்கொண்டது என்றால், அந்த மாஸ்டர் முதல் நாளிலிருந்தே அவர்களுடையதாக இருக்கலாம். நீங்கள் எழுதிக்கொடுக்கவே இல்லை, அதனால் காலாவதியாகவும் எதுவுமில்லை. சொந்தக் காசில் வீட்டில் பதிவு செய்துவிட்டுப் பிறகு லேபிளிடம் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பில், பணம் அனுப்பிய ரசீது, ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

மாஸ்டர் போனால் போகட்டும், அதே பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு: மறுபதிவுத் தடை வரியைப் பாருங்கள். ‘வெளியீட்டுத் தேதியிலிருந்து ஐந்து வருடம்’ என்று எழுதியிருந்தால், வெளியாகாத ஆல்பத்துக்கு அந்த ஐந்து வருடம் எப்போது ஆரம்பிக்கிறது? ஆரம்பிப்பதே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். ‘வெளியீடு அல்லது ஒப்படைப்பு, எது முந்தியதோ அது’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், பதிப்புரிமையை எழுதி வாங்கியவரோடு ராயல்டியைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் உரிமையை எழுதிக்கொடுக்கவே முடியாது என்பதை நிறையப் பேர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அலமாரியில் கிடக்கும் ஆல்பத்துக்கு அது பூஜ்யத்தில் பாதி.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று, ஒரு வருடம் தாண்டியும் ஆல்பம் வரவில்லை என்றால், 19(4)ஐ விலக்கும் வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, எழுதிக்கொடுப்பு காலாவதியானதைப் பதிவு செய்துவிடுங்கள். விலக்கியிருந்தால் அதே சட்டத்தின் 19ஏ பிரிவு இருக்கிறது. உரிமையை வாங்கியவர் அதைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை, அதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்று காட்டினால், எழுதிக்கொடுப்பை ரத்து செய்ய உத்தரவிடலாம். அந்த உத்தரவைத் தரும் அதிகாரம் முன்பு பதிப்புரிமை வாரியத்துக்கு, பிறகு மேல்முறையீட்டு வாரியத்துக்கு, 2021 முதல் வணிக நீதிமன்றத்துக்கு. ‘காரணம் நீங்கள் இல்லை’ என்பதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் உடைக்கப் பார்க்கும். ஃபைல் வரவில்லை, மிக்ஸ் முடியவில்லை, கவர் படம் கொடுக்கவில்லை என்பார்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி, அவர்கள் ஒரு கட்டைவிரல் போட்டதோடு விடாதீர்கள். எல்லா ஃபைலையும் பட்டியலிட்டு மெயிலில் அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.