உயரமான மீன் தொட்டியை வீட்டிலேயே கட்ட விரும்புவோர் கவனத்திற்கு

மீன் தொட்டிகளைக் கட்டித் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால், சொந்தமாகத் தொட்டி கட்ட முனைவோர் பலர் அளவுகளைக் குறித்துக்கொண்டு ஆலோசனை கேட்க வருவதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடி வேண்டும்?" என்பதுதான். ஆபத்து அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. கண்ணாடியின் மீது தண்ணீர் செலுத்தும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டுமே. லிட்டர் கணக்குக்கு அதில் பங்கில்லை. முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் ஒரு மீட்டர் இருந்தாலும், நீர்மட்டம் ஒன்றேயானால் முன்கண்ணாடி தாங்க வேண்டிய விசையும் ஒன்றே. சுவரோரம் வைக்கும் ஒல்லியான, உயரமான தொட்டியில் தண்ணீர் குறைவுதானே என்று எண்ணி மெல்லிய கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பவர், தெரியாமலேயே தம் வீட்டாரை அபாயத்தில் வைக்கிறார்.

120 சென்டிமீட்டர் நீளமுள்ள முன்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 45 செ.மீ. உயரம் நின்றால், அதன் மீது விழும் மொத்த விசை ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமம். 60 செ.மீ. நின்றால் அது 215 கிலோவாகிறது; 90 செ.மீ. நின்றால் 485 கிலோவை எட்டிவிடுகிறது. உயரம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதிலும் முக்கால் பங்கு கண்ணாடியின் கீழ்ப்பாதியில்தான் விழுகிறது. தொட்டி கட்டுவோர் நெடுங்காலமாகக் கையாளும் 3.8 என்ற பாதுகாப்புக் காரணியைக் கொண்டு (அதாவது தாங்க வேண்டியதைப் போல 3.8 மடங்கு வலிமை இருக்குமாறு), மேல்விளிம்பில் வலுவூட்டும் கண்ணாடிப் பட்டை ஏதும் இல்லை என வைத்துக் கணக்கிட்டால், இதே நீளத்துக்கு 45 செ.மீ. உயரத்தில் 8 மி.மீ., 60 செ.மீ. உயரத்தில் 12 மி.மீ., 90 செ.மீ. உயரத்தில் 19 மி.மீ. தடிமன் தேவைப்படுகிறது. 8 மி.மீ. என்று வரும் இடத்தில் நான் 10 மி.மீ. கண்ணாடியையே பரிந்துரைக்கிறேன்.

அந்தக் காரணியை வீண் செலவு என்று கருதிக் குறைக்க நினைப்பவர்களிடம் நான் பொறுமையாகச் சொல்வது இதுதான்: கண்ணாடி உடைவதற்கு முன் எச்சரிக்கை தருவதில்லை. இடைவிடாமல் சுமை தாங்கும் கண்ணாடியில், குறிப்பாக ஈரம் படும் இடங்களில், கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் மெல்ல மெல்ல நீள்கின்றன. அதனால் அதன் வலிமை நாளடைவில் குறைகிறது. நிரப்பிய முதல் வாரம் தாங்கியது என்பது எதற்கும் சான்றாகாது. பழைய ஜன்னலிலிருந்தும் மேசையிலிருந்தும் கழற்றிய கண்ணாடியை உயரமான தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும், வெட்டிய ஓரங்களைத் தேய்த்து மழுக்கியே தீர வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஓரத்தில் சில்லு பெயர்ந்த கண்ணாடியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி, வலிமையானதுதான். ஆனால் அதைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் நொறுங்கித் தொட்டியிலுள்ள தண்ணீர் அத்தனையும் அறைக்குள் பாயும்.

என்னிடம் வரும் கசிவுகளில் மிகுதியானவை இணைப்புகளில் ஏற்படுபவை. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகான் மீன்களுக்கு ஆகாது. மீன் தொட்டிக்கென்றே தயாரித்த, காலாவதியாகாத முழுச் சிலிகானை வாங்க வேண்டும். ஒட்டும் பரப்பை அசிட்டோனாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ துடைத்த பின் விரல்கூடப் படக் கூடாது. கண்ணாடிகளைச் சேர்க்கும்போது பசை முழுவதும் பிதுங்கி வெளியேறும்படி அழுத்திவிடாமல், இடையில் ஒன்று முதல் மூன்று மி.மீ. வரை ஒரே சீரான படலம் நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியின் சிறு அசைவுகளைத் தாங்கிக்கொள்வது அந்தப் படலமே. சிலிகான் காற்றின் ஈரத்தை ஈர்த்து வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறுகாது. தடித்த கண்ணாடியின் அகன்ற இணைப்பு மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் நடுவில் ஈரமாகவே இருக்கக்கூடும். புளித்த காடி வாசனை வீசிக்கொண்டிருக்கும் வரை அது இறுகி முடியவில்லை என்றே பொருள். உயரமான தொட்டிக்கு இரண்டு வாரம் காத்திருப்பது நல்லது.

மேல்விளிம்பில் நீளவாட்டில் பட்டையும் நடுவே குறுக்குப் பட்டையும் ஒட்டினால் கண்ணாடி வெளிப்பக்கம் வளைவது வெகுவாகக் குறையும். ஆனால் பட்டை இருக்கிறதே என்று தடிமனைக் குறைப்பதை நான் ஏற்பதில்லை.

இனி எடை. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம் கொண்ட தொட்டியில் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 485 கிலோ, 19 மி.மீ. கண்ணாடி 165 கிலோ. மணலும் கல்லும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 700 கிலோவைத் தாண்டும். இவ்வளவும் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே மிகுந்த இடத்தில் இறங்குகிறது. வீட்டு மேல்தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன என்பதால், கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இத்தகைய தொட்டியை மாடியில் வைக்க வேண்டாம். ஸ்டாண்டின் நான்கு மூலைகளையும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அடிக்கண்ணாடி முழுவதும் படியுமாறு தெர்மாகோல் விரிக்க வேண்டும். அகலம் குறைந்த தொட்டியானால், குழந்தைகள் பிடித்து ஏறினாலும் சாயாதபடி ஸ்டாண்டைச் சுவரோடு பிணைக்க வேண்டும்.

வளர்ந்தவர் ஒருவரின் கை அக்குள் வரை நனைந்தாலும் அறுபது சென்டிமீட்டரைத் தாண்டி எட்டுவது அரிது. அதற்கு மேல் உயரமான தொட்டியைச் சுத்தம் செய்பவர் முக்காலியில் ஏறி, மேல்பட்டையின் மீது உடலைச் சாய்த்துத்தான் வேலை செய்ய நேரிடும். முதன்முறை கட்டுபவர் 60 செ.மீ. உயரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு, கண்ணாடியின் விலையைவிட இதுவே பெரிய காரணம். மோட்டார், ஹீட்டர், விளக்கு அனைத்தும் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாகவே இயங்க வேண்டும். கையை நீரில் விடுமுன் அவற்றின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

முதல் நிரப்பலை வீட்டுக்கு வெளியே, சமதளத்தில், மூன்றில் ஒரு பங்காகப் படிப்படியாகச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் சில மணி நேரம் காத்திருந்து, இணைப்புகளுக்குள் குமிழியோ வெண்மையான பிரிவோ தோன்றுகிறதா என்று கவனியுங்கள். முழுவதும் நிரப்பிய பின் ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள். சிறிதளவு தண்ணீர் இருந்தாலும் தொட்டியை நகர்த்தக் கூடாது.

கசிவு தெரிந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, குழாய் மூலம் தண்ணீரை இறக்குங்கள். விரிசல் விட்ட கண்ணாடியைக் கையால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். கசியும் இடத்தில் வெளியிலிருந்து சிலிகான் பூசுவதால் பயனில்லை, உள்ளிருந்து வரும் அழுத்தம் அதை உரித்துத் தள்ளிவிடும். காய்ந்த சிலிகானின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால், அந்த இணைப்பிலுள்ள பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, முதலிலிருந்து ஒட்டி, மறுபடியும் இரண்டு வாரம் காயவிட வேண்டும்.