துளிர்ப்பா, மறுதொடக்கமா? ‘ரிவைவல்’ என்ற சொல் பற்றி

பழைய அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்த கதையைச் சொல்லும் ஆவணப்படங்களில் ‘ரிவைவல்’ என்ற சொல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். நின்றுபோன தொடரை, பழைய கதையின் தொடர்ச்சியாகவே மீண்டும் கொண்டுவருவது என்று பொருள். அதைத் தமிழில் எழுதுபவர்களும் வசனவரி (சப்டைட்டில்) போடுபவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ‘மறுதொடக்கம்’ என்கிறார்கள். அது தவறு. ‘மறுதொடக்கம்’ என்பது ‘ரீபூட்’ என்ற வேறொரு சொல்லுக்கு உரியது.

‘ரிவைவ்’ லத்தீன் வழி வந்தது. ‘ரே’ என்றால் மறுபடி, ‘விவெரே’ என்றால் வாழ்தல். ‘ரீபூட்’டில் உள்ள ‘பூட்’ காலணிதான். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து அது கணினிக்கு வந்தது. கணினியை அணைத்துத் தொடக்கினால் தற்காலிக நினைவகத்தில் இருந்தது அத்தனையும் போய்விடும். அதற்கு ‘மறுதொடக்கம்’ நல்ல சொல். தொடரிலும் அப்படித்தான்: பழைய கதையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. அந்த மறதிதான் ‘ரீபூட்’டின் உயிர். ‘ரிவைவல்’ அப்படி எதையும் மறப்பதில்லை.

பிரிட்டனின் அறிவியல் புனைகதைத் தொடர் ‘டாக்டர் ஹூ’வைப் பாருங்கள். அதன் நாயகர் டாக்டர் சாகும் தறுவாயில் புது உடல் எடுப்பார், அதனால் நடிகர் மாறினாலும் ஆள் ஒன்றே. 1963 நவம்பர் 23-இல் தொடங்கி 1989-இல் நின்றது. 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. 2005 மார்ச் 26-இல் ரஸல் டி டேவிஸ் பொறுப்பில், பிபிசி வேல்ஸ் தயாரிப்பாக மீண்டும் தொடராக வந்தது. முன்பு பெரும்பாலும் 25 நிமிடமாக இருந்த அத்தியாயம் ஏறக்குறைய 45 நிமிடமானது. பருவ (சீசன்) எண்ணையும் மறுபடி ஒன்றிலிருந்து போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழும் இடம் இதுதான். ‘முதல் பருவம்’ என்று பார்த்ததும் ‘மறுதொடக்கம்’ என்று எழுதிவிடுகிறார். அதே பருவத்தில் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் எத்தனையாவது டாக்டர்? ஒன்பதாவது. பருவக் கணக்கு புதிது, ஆள் கணக்கு பழையது. 1973-இல் டாக்டரின் தோழியாகத் தொடருக்குள் வந்த சாரா ஜேன் 2006-இல் திரும்பி வருகிறாள், அதே எலிசபெத் ஸ்லேடன் நடிப்பில். டாக்டரின் முகம் மாறியிருக்கிறது, ஆனாலும் இருவருக்கும் பழையதெல்லாம் நினைவிருக்கிறது. டீலியா டெர்பிஷயர் 1963-இல் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கிய முகப்பிசையின் ஒலிகளைக்கூட 2005-இன் புதிய இசைக்குள் வைத்தார்கள். இதைப் போய் மறுதொடக்கம் என்றால் அந்த ஆவணப்படம் பேச வந்த பொருளே கெட்டுவிடுகிறது.

‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்தான் உண்மையான மறுதொடக்கம். 1978 தொடரில், மனிதரோடு போரிடும் இயந்திரங்களான சைலன்கள் வேற்று இனம் ஒன்று படைத்தவை. 2003-இல் ரொனால்ட் டி. மூர் எழுதியபோது அவற்றைப் படைத்தவர்கள் மனிதர்களே. ஆணாக இருந்த ஸ்டார்பக் என்ற பாத்திரம் பெண்ணானாள். பழைய தொடரில் அப்பல்லோவாக வந்த ரிச்சர்ட் ஹாட்ச் புதியதிலும் நடித்தார், ஆனால் டாம் ஸாரெக் என்ற வேறொரு ஆளாக. ஸ்லேடன் பழைய பெயரோடும் நினைவோடும் வந்தார், ஹாட்ச் முகத்தோடு மட்டும் வந்தார். எந்தத் தொடருக்கு எந்தச் சொல் என்று தெரிய இந்த ஒரு சோதனை போதும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இதை விளக்க அகராதி வேண்டாம். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, 25 ஆண்டு தாண்டினால் மறுநடவு. மரத்தைச் சாய்த்து, தண்டைச் சில்லாக நறுக்கி, அடிக்கட்டையையும் தோண்டி எடுப்பார்கள். கட்டை மண்ணில் கிடந்தால் கானோடெர்மா பூஞ்சை அதிலிருந்து புதுக் கன்றின் வேருக்குத் தாவி அடித்தண்டை அழுக வைத்துவிடும். அதனால் பழையது எதுவும் மிஞ்சக் கூடாது. செம்பனைக்கு ஒரே குருத்து, அது போனால் மரம் போச்சு. பால்மரம் (ரப்பர் மரம்) அப்படியில்லை. வெட்டிய கட்டையின் பக்கத்தில் பச்சையாக முளை கிளம்பும். வேர் பழைய வேர், பால் அதே பால். முதலாவது ‘ரீபூட்’, இரண்டாவது ‘ரிவைவல்’. மறுநடவு, துளிர்ப்பு என்று இரண்டுக்கும் நம் வாயில் சொல் இருக்கிறது.

மற்றச் சொற்களையும் எடைபோட்டாயிற்று. ‘மறுமலர்ச்சி’ ஒரு காலத்துக்கோ சமூகத்துக்கோ பொருந்தும், ஒரு தொடருக்குப் பெரிய சட்டை. ‘மறுபிறவி’ என்றால் வேறு உடல், முற்பிறப்பு நினைவில்லை. பொருள் நேர் எதிராகப் போகிறது. போதாததற்கு, டாக்டர் சாகும் தறுவாயில் புது உடல் எடுப்பதையும் பலர் ‘மறுபிறவி’ என்றே எழுதுகிறார்கள். ஒரே படத்தில் இரண்டும் வந்தால் பார்ப்பவர் என்ன செய்வார்? ‘மறுதாம்பு’ அருமையான சொல். அறுத்த தாளிலிருந்து மறுபடி கிளைக்கும் பயிர் அது. கரும்பும் நெல்லும் தெரிந்தவருக்குப் பளிச்சென்று விளங்கும், இங்கே பலருக்கு விளங்காது. அதனால்தான் ‘துளிர்ப்பு’.

‘ரீமாஸ்டர்’ வேறு. ‘ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷ’னை 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்து வீடியோ நாடாவில் தொகுத்திருந்தார்கள். 2012 முதல் புளூரேயில் தெளிவாகக் கொண்டுவர மூலச்சுருளைத் தேடி எடுத்து, மறுபடி வருடி, முதலிலிருந்து தொகுத்து, காட்சித் தந்திரங்களையும் புதிதாக இணைக்க வேண்டியிருந்தது. கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. அது ‘மீட்டெடுப்பு’. இதையும் ‘மறுதொடக்கம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வெவ்வேறு வேலைக்கு ஒரே சொல்லைப் போடுவது சோம்பல்.

எண்ணெய் தரும் பனையை அதன் பழத்தின் நிறம் பார்த்துச் ‘செம்பனை’ என்றவர்கள் நாம். பொருளைப் பார்த்துச் சொல் வைக்கும் அந்தப் பழக்கம் இப்போது குறைந்துவிட்டது, ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் சொல் வைக்கிறோம். வசனவரிக்கு இரண்டு வரிதான் இடம். அதில் ‘மறுதொடக்கம் செய்யப்பட்டது’ பாதியைத் தின்றுவிடும். ‘துளிர்த்தது’ ஒரே சொல். கொண்டுவந்தவரைச் சொல்ல ‘துளிர்க்க வைத்தவர்’, ‘டாக்டர் ஹூ’ 1989-க்கும் 2005-க்கும் இடையில் கிடந்த ஆண்டுகளைச் சொல்ல ‘துளிர்க்காத காலம்’ என்று அதே சொல்லே எல்லா இடத்துக்கும் வளைந்து கொடுக்கும்.